படமும் பக்குவமும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

படம் எடுப்பது இன்று பலருக்கும் எளிய செயல். எடுத்த படத்தை எப்படி எடுத்தோம் என்று பிறருக்கு எடுத்துச் சொல்வது அவ்வளவு எளிதன்று. பொழுதுபோக்காக ஒளிப்படம் எடுக்கும் ஆர்வலர்கள், தம் படங்களோடு அவற்றை எடுத்த அளவுகளையும் சேர்த்தே பகிர்ந்துகொள்கின்றனர். அச்சிறு எண்களுக்குள் ஒளியின் அறிவியல் இருக்கிறது. எடுத்தவரின் முடிவு இருக்கிறது. அவருடைய நேர்மையும் இருக்கிறது. அவ்வெண்களைப் படிக்கும் முறையையும் பகிர்தலின் பொறுப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குளக்கரையில் ஒரு காலை

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ளது கூந்தன்குளம். 1994ஆம் ஆண்டு பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட இவ்வூரில், பறவைகள் குளத்தோடு நின்றுவிடுவதில்லை. மஞ்சள்மூக்கு நாரைகள் வீடுகளை ஒட்டி நிற்கும் மரங்களிலும் கூடு கட்டுகின்றன. பறவைகள் வெருளும் என்பதால் வேட்டு வெடிப்பதையும் ஊரார் தவிர்த்து வருகின்றனர்.

கூடு கட்டும் பருவத்து விடுமுறை நாள்களில், இத்தகைய ஊர்களுக்குக் கழுத்தில் கேமராவுடன் சிலர் விடியுமுன்பே வந்து சேர்கின்றனர். அவர்களுள் வங்கி ஊழியர் இருப்பார். பள்ளி ஆசிரியர் இருப்பார். பட்டறைத் தொழிலாளியும் கல்லூரி மாணவரும் இருப்பர். படம் எடுப்பது அவர்களுக்குப் பிழைப்பன்று, விருப்பம்.

வெயில் ஏறி ஒளி கடுமையானதும், அவர்கள் தேநீர்க் கடையில் கூடுகின்றனர். கேமராவின் பின்திரையில் அன்று எடுத்த படங்கள் கைமாறுகின்றன. சிறகு விரித்து இறங்கும் நாரை ஒன்றின் படத்தைக் கண்டதும் எழும் முதற்கேள்வி, “இந்தக் கேமரா என்ன விலை?” என்பதன்று, “என்ன அளவில் எடுத்தீர்கள்?” என்பதே. “ஐந்து புள்ளி ஆறு, இரண்டாயிரத்தில் ஒன்று, நானூறு” என்று விடை வருகிறது. அயலார் காதுக்கு அது புதிர். கேட்டவருக்கோ ஒரு பாடம் முழுவதும் கிடைத்துவிட்டது.

மூன்று எண்கள்

ஒளிப்படம் என்பது ஒளி எழுதும் எழுத்து. எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது, எவ்வளவு நேரம் விடுவது, வந்த ஒளியை எவ்வளவு கூர்மையாக உணர்வது என்னும் மூன்று முடிவுகளையும் படம் எடுப்பவரோ அவருக்காகக் கேமராவோ எடுத்தாக வேண்டும். அவையே அம்மூன்று எண்கள்.

முதலாவது துளை எண். வில்லையின் உள்ளே ஒளி நுழையும் துளையைச் சுருக்கவும் விரிக்கவும் இயலும். வில்லையின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் துளை எண் கிடைக்கும். 50 மி.மீ. குவியத் தொலைவுள்ள வில்லையில் துளையின் விட்டம் 25 மி.மீ. எனில், துளை எண் 2 ஆகும். ஆகவே, எண் சிறிதானால் துளை பெரிது. எண் பெரிதானால் துளை சிறிது. 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் வரிசையில் ஒவ்வொரு படி மேலே செல்லும்போதும் துளையின் பரப்பு பாதியாகிறது. உள்ளே வரும் ஒளியும் பாதியாகிறது. துளை பெரிதாக இருந்தால் குறித்த பொருள் மட்டும் தெளிவாக, பின்புலம் மங்கிக் கரையும். துளை சிறிதானால் அண்மையும் சேய்மையும் தெளிவு பெறும்.

இரண்டாவது திரை திறந்திருக்கும் நேரம். ஷட்டர் எனப்படும் இத்திரை 1/2000 நொடி மட்டும் திறந்து மூடினால், பறக்கும் பறவையின் சிறகு உறைந்து நின்றதுபோல் பதிவாகும். அரை நொடி திறந்திருந்தால், அவ்வரை நொடியில் நிகழ்ந்த அசைவு முழுவதும் ஒரே படத்தில் படியும்.

மூன்றாவது ஒளியுணர்திறன். பன்னாட்டுத் தர அமைப்பின் பெயரால் ஐ.எஸ்.ஓ. என்றே இது வழங்குகிறது. 100, 200, 400, 800 என எண் இரட்டிக்குந்தோறும், அதே ஒளியில் படத்தின் வெளிச்சம் இரட்டிக்கிறது. எண்ணை மிகுதியாக உயர்த்தினால், இருண்ட பகுதிகளில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றிப் படத்தின் தெளிவைக் குறைக்கும்.

குழாயடியில் குடம் நிரப்புவதோடு இதனை ஒப்பிடலாம். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது துளை; எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது திரையின் நேரம். ஒளியுணர்திறனை உயர்த்துவது, குடத்திற்குப் பதிலாகச் சிறு செம்பை வைப்பது போன்றது. குறைந்த நீரிலேயே நிரம்பிவிடும். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டிச் சரிசெய்யலாம். துளை எண் 5.6, நேரம் 1/2000 நொடி என்பதும், துளை எண் 8, நேரம் 1/1000 நொடி என்பதும் ஒரே அளவு ஒளியையே உள்ளே விடுகின்றன. வெளிச்சம் ஒன்றாயினும் படம் ஒன்றன்று. முன்னதில் சிறகு உறையும். பின்னதில் பின்புலம் சற்றுக் கூடுதலாகத் தெளியும். எது வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் படம் எடுப்பவரே.

தெரிந்து தெளிவோம்

ஒளியை அளக்கும் கருவி இல்லாத காலத்திலும் ஆர்வலர்கள் ஒரு கணக்கைக் கைக்கொண்டனர். அதற்கு ‘வெயில் 16’ என்று பெயர். மேகமற்ற வெயிலில் துளை எண்ணை 16 என வைத்துக்கொண்டால், ஒளியுணர்திறன் எண்ணின் தலைகீழே திரையின் நேரம் ஆகும். ஒளியுணர்திறன் 400 எனில் நேரம் 1/400 நொடி. துளையை 16இலிருந்து 5.6க்கு மூன்று படிகள் விரித்தால், நேரத்தை மூன்று முறை பாதியாக்க வேண்டும். அதாவது 1/3200 நொடி. காலை வெயில் உச்சி வெயிலினும் மெலியது. அதனால்தான் நாரையைப் படம் எடுத்தவர் 1/2000 நொடி என்று சற்றுக் கூடுதல் நேரம் கொடுத்தார்.

எண்களில் தெரியும் முடிவுகள்

அளவுகளைக் கேட்பவர் எண்களை மட்டும் கேட்பதில்லை. எடுத்தவர் எதை விரும்பினார், எதை விட்டுக்கொடுத்தார் என்பதையும் கேட்டறிகிறார்.

தேநீர்க் கடைக்குள் எடுத்த மற்றொரு படத்தைக் காண்க. விடியுமுன், ஒற்றைக் குண்டுவிளக்கின் ஒளியில் கடைக்காரர் தேநீர் ஆற்றுகிறார். துளை எண் 1.8, நேரம் 1/60 நொடி, ஒளியுணர்திறன் 1600. ஒளி குறைவு என்பதால் துளை அகலத் திறக்கப்பட்டது. உணர்திறன் உயர்த்தப்பட்டது, அதனால் சுவரின் நிழலில் புள்ளிகள் தெரிகின்றன. நேரத்தை 1/500 நொடியாகக் குறைத்திருந்தால் தேநீர் துளித்துளியாக நின்றிருக்கும், படமும் இருண்டிருக்கும். 1/60 நொடியில் அது ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு நீண்ட கயிறாக விழுகிறது. தேநீர் ஆற்றுவதைக் கண்ணால் காணும்போது தெரிவதும் அக்கயிறுதான். எடுத்தவர் புள்ளிகளைப் பொறுத்துக்கொண்டார், கயிற்றைக் காப்பாற்றினார்.

அருவியின் படமொன்று. துளை எண் 16, நேரம் 1/2 நொடி, ஒளியுணர்திறன் 100. மேகம் மூடிய மாலையில் எடுத்தது. நீர் பஞ்சுப்பொதியாகத் திரண்டிருக்கிறது; பாறையோ மயிரிழை அளவும் அசையவில்லை. கையில் பிடித்த கேமரா அரை நொடி அசையாதிருப்பது அரிது. ஆகவே, எடுத்தவர் முக்காலியைச் சுமந்து அவ்விடம் வந்திருக்கிறார் என்பது படத்தில் தெரியாவிட்டாலும் எண்ணில் தெரிகிறது.

குறிப்பேட்டிலிருந்து கோப்புக்கு

இப்பகிர்தல் இன்று தோன்றியதன்று. இந்தியாவில் ஒளிப்படக் கழகங்கள் 1850களிலேயே தோன்றின. பம்பாயில் 1854ஆம் ஆண்டிலும், அடுத்த சில ஆண்டுகளில் கல்கத்தாவிலும் சென்னையிலும் அவை அமைந்தன. சென்னையில் 1850ஆம் ஆண்டு கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர், இங்கே ஒளிப்படக் கலையை வளர்த்தவர்களுள் ஒருவர். அக்கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியாகும்.

பின்னர் படச்சுருள் வந்தது. ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க இயலும். அவற்றைக் கழுவி அச்சிட்டுப் பார்க்கும்வரை, எடுத்தது தேறுமா தேறாதா என்பது தெரியாது. எனவே, ஆர்வலர்கள் சட்டைப்பையில் சிறு குறிப்பேடு வைத்திருந்தனர். ஒவ்வொரு படத்தின் எண்ணுக்கும் எதிரே துளை எண்ணையும் நேரத்தையும் எழுதினர். அச்சான படத்தோடு குறிப்பை ஒப்பிட்டுப் பிழை கண்டனர். அவர்களுக்கு ஆசிரியராக இருந்தது அக்குறிப்பேடே.

காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பதிவுசெய்த மா. கிருஷ்ணன் (1912–1996) இத்துறையின் முன்னோடி. ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலை எழுதிய அ. மாதவையாவின் மகனான இவர், வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தமக்கேற்ற கேமராவைத் தாமே அமைத்துக்கொண்டார். பத்மஸ்ரீ விருது பெற்ற அவருடைய படங்கள், விலையுயர்ந்த கருவியைவிட விலங்கின் இயல்பறிந்து காத்திருப்பதே முதன்மை என்பதை உணர்த்துகின்றன.

எண்ணியக் கேமரா வந்தபின் குறிப்பேட்டுக்குத் தேவை இல்லாமற்போயிற்று. 1995ஆம் ஆண்டு ஜப்பானில் வகுக்கப்பட்ட எக்ஸிஃப் என்னும் முறைப்படி, ஒவ்வொரு படக்கோப்பின் உள்ளேயும் துளை எண், நேரம், ஒளியுணர்திறன், எடுத்த நாள் முதலியன தாமே பதிவாகின்றன. கைப்பேசியில் எடுக்கும் படங்களுக்கும் இது பொருந்தும். படத்தின் விவரப் பகுதியைத் திறந்தால் அவ்வெண்களைக் காணலாம். எழுதும் உழைப்பு குறைந்தது; எழுதியதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கமும் பலரிடம் குறைந்தது. அளவுகளைக் கேட்டும் சொல்லியும் பழகுவோர் அப்பழக்கத்தை மீட்டெடுக்கின்றனர்.

தெரியுமா?

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856ஆம் ஆண்டு அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டு தஞ்சை, மதுரை முதலிய ஊர்களின் கோவில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, அப்படங்களை ஒட்டி ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

எண்கள் சொல்லாதவை

நாரைப் படத்தின் அளவுகளைக் கேட்டறிந்த புதியவர் ஒருவர், மறுநாள் மாலை மேகமூட்டத்தில் அதே எண்களை வைத்துப் படம் எடுக்கிறார் எனக் கொள்வோம். படம் இருண்டு போகும். எண்களில் பிழையில்லை, ஒளி வேறு. இத்தனை உழக்கு அரிசிக்கு இத்தனை உழக்கு நீர் என்று அளவு சொல்லலாம். அரிசி பழையதா, புதியதா, அடுப்பு எரியும் வேகம் என்ன என்பதறிந்து நீரைக் கூட்டிக் குறைப்பது சமைப்பவரின் கைப்பக்குவம். ஒளிப்படத்தின் அளவுகளும் அத்தகையனவே. அளவைப் பிறரிடம் கேட்டுப் பெறலாம். பக்குவத்தைத் தானே பழகிப் பெற வேண்டும்.

நல்ல பகிர்வு இதனை அறிந்து மூன்று எண்களுக்கு மேலும் சில சொற்களைச் சேர்க்கிறது. வெயில் எத்திசையிலிருந்து வந்தது, பறவை எவ்வளவு தொலைவில் இருந்தது, எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்தது, இப்படத்திற்கு முன் எத்தனை படங்கள் தவறின என்பவற்றைச் சொல்கிறது. இவற்றுள் கடைசிச் செய்தியே மிகுந்த பயனுடையது. தேறிய ஒரு படத்தை மட்டும் காண்பவர், “இது நமக்கு வராது” என்று ஒதுங்கிவிடக்கூடும். அதற்கு முன் தவறிய நாற்பது படங்களை அறிந்தவர், நாற்பத்தொன்றாவது முறை முயல்வார்.

தொழில் நுணுக்கத்தை மறைத்து வைத்தால்தான் மதிப்பு என்று எண்ணுவோர் எத்துறையிலும் உண்டு. ஆனால், அளவைச் சொல்லிவிட்டதால் எவருடைய படமும் குறைந்துபோவதில்லை. கேட்டவர் அதே எண்களால் அதே படத்தை எடுத்துவிடவும் முடியாது. அவர் தம் குளக்கரையில், தம் ஒளியில், வேறொரு படத்தையே எடுப்பார்.

சொல்ல வேண்டியதும் சொல்லாதிருக்க வேண்டியதும்

அளவுகளைப் பகிர்வதில் நேர்மை அடங்கியுள்ளது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், 2017ஆம் ஆண்டு ஒரு படம் பரிசு பெற்றது. பிரேசில் நாட்டுத் தேசியப் பூங்காவில், இரவில் ஒளிரும் கறையான் புற்றை நோக்கி எறும்புத்தின்னி ஒன்று வருவதாக அமைந்த படம் அது. அவ்விலங்கு உயிருள்ளது அன்று, பாடம்செய்து வைக்கப்பட்டது என ஐயம் எழுந்தது. வல்லுநர்கள் அதன் உடற்கோடுகளையும் மயிர்க்கற்றைகளையும், அப்பூங்காவில் வைக்கப்பட்டிருந்த பாடம்செய்த விலங்கோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே எனக் கருதினர். அப்படத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த மூலக்கோப்புகள் பெறப்பட்டன. அவை எவற்றிலும் எறும்புத்தின்னி இல்லை. எடுத்தவர் குற்றச்சாட்டை மறுத்தார். எனினும், 2018ஆம் ஆண்டு அப்படம் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. ஒரு படத்தை நம்புவதற்கு அதன் அழகு மட்டும் போதாது. அது எடுக்கப்பட்ட முறையும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவதும் அறமாகாது. கைப்பேசிப் படங்களின் கோப்பில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளும் பதிவாகக்கூடும். அரிய பறவையின் கூட்டை எடுத்த படம் அவ்விவரத்தோடு பரவினால், பலர் அங்கே குவிவர். தாய்ப்பறவை அஞ்சிக் கூட்டைவிட்டு விலகினால், முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலுக்கும் காகங்களுக்கும் இரையாகும். எனவே, பொறுப்புள்ள ஆர்வலர்கள் கூட்டின் இருப்பிடத்தைச் சொல்வதில்லை. குஞ்சு பொரிக்கும் காலத்தில் கூட்டை நெருங்குவதும் இல்லை. வீட்டில் எடுத்த படத்தோடு வீட்டின் இருப்பிடமும் அறியாமலே பிறர் கைக்குப் போய்விடக்கூடும் என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். மனிதரைப் படம் எடுக்கும்போது அவருடைய இசைவைப் பெறுவதும் இவ்வறத்தின் பகுதியே. தேநீர் ஆற்றியவரின் படத்தைப் பிறருக்குக் காட்டுவதற்கு முன், அதனை முதலில் பார்க்க வேண்டியவர் அவரே.

நிறைவாக

தேநீர்க் கடையில் கூடியோருள் பள்ளி மாணவி ஒருத்தியும் இருக்கிறாள். அவளிடம் இருப்பது கைப்பேசி மட்டுமே. குளத்தினின்று எழும் நாரையின் படத்தைத் தயங்கித் தயங்கிக் காட்டுகிறாள். பறவையின் உடல் தெரிகிறது; சிறகுகள் புகைபோல் கலைந்திருக்கின்றன. எவரும் சிரிக்கவில்லை. விவரப் பகுதியைத் திறந்து பார்த்த மூத்தவர், “1/120 நொடி என்றிருக்கிறது, அம்மா. சிறகின் வேகத்துக்கு அது போதாது. வெயில் நன்றாக ஏறட்டும், இன்னொரு முறை முயன்று பார்” என்கிறார். பிறகு தம் கேமராவில், சென்ற ஆண்டு தாம் எடுத்த அதே போன்ற கலங்கிய படத்தைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டுகிறார். அதற்குக் கீழே இருந்த எண்ணும் ஏறக்குறைய அதுவே. மாணவி தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மீண்டும் கரையை நோக்கி நடக்கிறாள்.

கற்பவை கற்றபின்

1. கைப்பேசியில் ஒரே பொருளைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று பொழுதுகளில் படம் எடுத்து, ஒவ்வொரு படத்தின் விவரப் பகுதியில் உள்ள எண்களை அட்டவணைப்படுத்துக. எண்கள் மாறியதன் காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.

2. தவறிப்போன படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது தவறியதற்கான காரணத்தையும் திருத்தும் வழியையும் பத்து வரிகளில் எழுதுக.

3. உங்கள் ஊரில் உள்ள கைத்தொழிலர் ஒருவரைச் சந்தித்து, அவர் தொழிலில் அளவாகச் சொல்லித் தரக்கூடியவை எவை, பழகியே பெற வேண்டியவை எவை எனக் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. துளை எண் 5.6இலிருந்து 8க்கு மாற்றப்படும்போது உள்ளே வரும் ஒளி
அ) இரட்டிக்கும்  ஆ) பாதியாகும்  இ) மாறாது  ஈ) நான்கு மடங்காகும்

2. குவியத் தொலைவு 50 மி.மீ., துளையின் விட்டம் 12.5 மி.மீ. எனில் துளை எண்
அ) 2  ஆ) 2.8  இ) 4  ஈ) 8

3. பொருந்தாததைத் தேர்க.
அ) துளை எண் – ஒளி நுழையும் வழி  ஆ) திரை – நேரம்  இ) ஒளியுணர்திறன் – புள்ளிகள்  ஈ) முக்காலி – ஒளியின் நிறம்

குறுவினா

1. ‘வெயில் 16’ என்னும் கணக்கைக் குறிப்பிடுக.
2. படச்சுருள் காலத்து ஆர்வலர்கள் குறிப்பேடு வைத்திருந்தது ஏன்?

சிறுவினா

1. தேநீர் ஆற்றுபவரின் படத்தில் எடுத்தவர் விட்டுக்கொடுத்தது எது? காப்பாற்றியது எது? விளக்குக.
2. பறவைக் கூட்டின் இருப்பிடத்தை மறைப்பது அறமாவது எவ்வாறு?

நெடுவினா

‘அளவைக் கேட்டுப் பெறலாம், பக்குவத்தைப் பழகிப் பெற வேண்டும்’ – இக்கருத்தை ஒளிப்படக் கலையோடும் நீங்கள் அறிந்த பிறிதொரு கலையோடும் பொருத்திக் கட்டுரைக்க.